என் பெயரில் இன்னொரு டீச்சர்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு மாணவியின் அம்மா போனில் கூப்பிட்டார். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை பார்ப்பவர்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீய. எம் பிள்ளகிட்ட எதுக்கு போட்டோ கேட்டீய?"

"நான் கேக்கலியேம்மா."

"இன்ஸ்டாகிராம்ல உங்க படந்தான போட்டிருக்கு? நானே பாத்தேன்."

நான் இன்ஸ்டாகிராமிலேயே இல்லை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆண்டுவிழாவில் பச்சைப் புடவையுடன் எடுத்த என் படம். வாட்ஸ்அப்பில் முகப்பாக வைத்திருந்தது அதுதான். பக்கத்தில் என் பெயர். கீழே பிள்ளைக்கு வந்த செய்தி: "சயின்ஸ் புராஜெக்டுக்கு உன் போட்டோ வேணும்மா. யூனிஃபார்ம் வேண்டாம். கிளாஸ்ல யாருகிட்டயும் சொல்லாத." வகுப்பில் நான் பேசுவதுபோலவே அந்த 'ம்மா'கூட இருந்தது. என்னை அறிந்த யாரோ ஒருவர்.

உடனே போனில் சொன்னபோது தலைமையாசிரியை பதறவில்லை. "பிள்ளைய எதையும் அழிச்சிராம வச்சிருக்கச் சொல்லுங்க. நீங்களும் அந்த ஆளுக்கு ஒண்ணும் எழுதிராதீங்க" என்றார். இருவருமாகப் போய் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். வகுப்பு குரூப்பில் எச்சரிக்கை போடலாம் என்று போனை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஆள் குரூப்பிலேயே இருந்தால்? ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பேசினேன். ஒரு வீட்டு போன் மட்டும் அணைந்தே கிடந்தது.

அந்த வீட்டுப் பெண்ணின் ஊர் கழுகுமலை போகிற வழியில். பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் படிக்கட்டுப் பக்கமே நின்றேன்.

அவள் என்னைப் பார்த்ததும் அடுப்படிக்குள் ஓடினாள். பிறகு வந்து சொன்னாள்: "நீங்கதான கேட்டீய டீச்சர். அதான் அனுப்புனேன். அப்புறம் வேற மாதிரி கேக்கவும் பயத்துல போனையே அணைச்சிட்டேன்."

அவள் அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். "இனிமே போனும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம்."

நான் குறுக்கே போய் நின்றேன். "அண்ணாச்சி, பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. எம்பேர நம்பியிருக்கா. இப்ப அடிச்சா, நாளைக்கு என்ன நடந்தாலும் உங்ககிட்ட வாயத் தொறக்க மாட்டா."

அவர் கையை இறக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். "திங்கக்கெழம அனுப்புதேன் டீச்சர்" என்றார் அவள் அம்மா.

அனுப்பினார். சில நாட்களில் அந்தப் போலிக் கணக்கை முடக்கிவிட்டார்கள். அவள் அனுப்பிய படம் எங்கே போனதோ, தெரியாது. ஆள் யாரென்று இதுவரை போலீஸ் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் யாராவது என் பேச்சைப் போலவே பேசிக் கேலி செய்தால், இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. அந்த முகத்தையே பார்க்கிறேன்.

வாட்ஸ்அப்பில் என் படத்தை எடுத்துவிட்டேன். வகுப்பில் சொன்னேன்: "நான் எந்தப் பிள்ளைக்கும் தனியா மெசேஜ் அனுப்ப மாட்டேன். எம்பேர்ல எது வந்தாலும் வீட்டுல காட்டுங்க. மறுநா எங்கிட்ட நேர்ல கேளுங்க."

படம் அனுப்பிய அந்தப் பெண்தான் எழுந்தாள். "உங்க குரல்லயே போன் வந்தா என்ன செய்ய டீச்சர்? இப்பம் ஏஐ வச்சு அதெல்லாம் செய்யுதாங்களாமே?"

வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பவும் நம்பாதம்மா" என்றேன்.