பளிச்சக்காவும் போகாத கறையும்

வானாய்வுக் கூடத்தின் தகடு அறையில் வேலை பார்த்த அந்த அம்மாளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பணிப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் பளிச்சக்கா. அவர் கை பட்ட எதுவும் பளிச்சென்று ஆகிவிடும்; தையல்காரரான கணவரின் வழுக்கைகூட அப்படி ஆனதுதான் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு.

கணினிக் காலத்துக்கு முன்பு வானத்தைக் கண்ணாடித் தகடுகளில்தான் படம் பிடித்தார்கள். நெகட்டிவ் என்பதால் வானம் வெளுத்தும் நட்சத்திரங்கள் கறுத்தும் இருக்கும். ஸ்கேனருக்குப் போகுமுன் அவற்றைத் துடைத்துத் தருவது அக்காவின் பொறுப்பு. வழவழப்பான பக்கத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். சொரசொரப்பான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. அங்கே ஈரம் பட்டால் ஆகாயம் பஞ்சோடு கிளம்பி வந்துவிடும்.

பதினோரு வருடங்களில் அவர் துடைத்த ஒரு தகடுகூடத் திரும்பி வந்ததில்லை. சிலருக்குப் பதக்கம், சிலருக்குப் பட்டம், அக்காவுக்கு இது.

அந்தச் சரித்திரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மண் விழுந்தது. ஸ்கேனர்காரர் புதியவர். கணினியைக் கரைத்துக் குடித்தவர். வானத்தை அண்ணாந்து பார்ப்பது குடை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய மட்டுமே. அவர் ஒரு தகட்டைச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பியிருந்தார்: ‘நடுவில் கறை. மீண்டும் துடைக்கவும்.’

பார்த்தால், உண்மைதான். மிளகளவுக்குக் கறுப்பாக, அழுக்கு விரல் பட்டதுபோல் ஓர் ஈஷல். அக்கா துடைத்தார். மூன்று நாள் துடைத்தார். கறை அசைந்து கொடுக்கவில்லை.

“என்னடி, சோத்துத் தட்டுல கைய வச்சுக்கிட்டு எங்கயோ பாக்குற?” என்றார் வீட்டில் கணவர்.

“ஒரு கறைங்க. என்ன செஞ்சாலும் போக மாட்டேங்குது.”

“இருபத்தாறு வருஷமா என்னையும்தான் தேய்க்கிற. நான் மாறினேனா? விட்டுத் தள்ளு.”

“உங்கள யாரும் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பலயே.”

நான்காம் நாள் அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். கறை சொரசொரப்பான பக்கத்தில் இருக்கிறது. பதினோரு வருடத்து மானத்துக்காக ஒரே ஒரு துடை. பஞ்சை நனைத்துவிட்டார். கையும் தகட்டுக்கு அருகே இறங்கிவிட்டது. ஆனால் குற்றவாளி யார் என்று தெரியாமல் தடயத்தை அழிக்க மனம் வரவில்லை. இதே வானப் பகுதியைப் படம் பிடித்த வேறு தகடுகளைப் பதிவேட்டில் தேடி எடுத்தார். முப்பது வருடம் முந்தியது ஒன்று, அறுபது வருடம் முந்தியது ஒன்று.

இரண்டிலும் அதே இடத்தில் அதே ஈஷல்.

“மூணு தலைமுறைக்காரனும் ஒரே எடத்துலயா அழுக்கு விரல வச்சிருப்பான்?” என்று சுவரைக் கேட்டுவிட்டு, பஞ்சைக் கீழே போட்டார். மூன்று தகடுகளோடு இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனார்.

“மேடம், இது அழுக்கில்ல. வானத்துலயே இருக்கு.”

“ஆமாக்கா. ஆனா எந்தப் பக்கம் துடைச்சீங்க?”

“வழவழப்புதான். இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா அந்தப் பக்கமும்.”

இயக்குநர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மூச்சு வந்ததும் சொன்னார். “இது கோள வடிவ நட்சத்திரக் கொத்துக்கா. முதன்முதல்ல பாத்த வானியலாளர்களுக்கும் இந்த மாதிரி கொத்தெல்லாம் வெறும் ஈஷலாத்தான் தெரிஞ்சுது. வால்நட்சத்திரம் தேடுறவங்க, இதையும் வால்நட்சத்திரம்னு நெனச்சு ஏமாந்துடக் கூடாதுன்னு பட்டியலே போட்டு வச்சாங்க. பெரிய தொலைநோக்கி வந்தப்புறம்தான் அத்தனையும் நட்சத்திரம்னு புரிஞ்சுது.”

“அவங்கல்லாம் படிச்சவங்கதானே?”

“ரொம்ப.”

அக்காவுக்குப் பாதி பாரம் இறங்கியது. இயக்குநர் லென்ஸை நீட்டினார். நடுவில் நெருக்கியடித்த கறுப்பு. ஓரம் போகப் போகப் பொடிப் பொடியாய்ப் புள்ளிகள்.

“அடேயப்பா, எத்தன பேரு மேடம்?”

“பல லட்சம்.”

“கண்ணுங்களா! உங்களையா நான் மூணு நாளா தேய்ச்சேன்?” என்றார் அக்கா தகட்டைப் பார்த்து. பிறகு நிமிர்ந்து, “சரி, என் சீட்டுக்கு ஒரு வழி சொல்லுங்க” என்றார்.

இயக்குநர் சீட்டில் இருந்ததை அடித்துவிட்டு, ‘கறை அல்ல, நட்சத்திரங்கள்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அக்கா படித்தார். நகரவில்லை.

“‘தகடு சுத்தமா இருக்கு’ன்னும் ஒரு வரி போடுங்க மேடம்.”

போட்டார். மை காயும்வரை ஊதிவிட்டு, பளிச்சக்கா ஸ்கேனர் அறையை நோக்கி நிதானமாக நடந்தார்.