காலர் மெஷினை நிறுத்திய ஒரு வரி

அந்த அறைக்குள் நுழைந்தால் முதலில் மெஷின் எண்ணெய் வாசனை வரும். அப்புறம் பழைய மானிட்டர் சூடாகிற வாசனை...

பத்தாவது பரீட்சை முடிந்த லீவு. என் தோழி நஸ்ரினின் அப்பா, அவள் கூப்பிடுவதுபோல் அத்தா, மங்கலத்தில் டி-ஷர்ட்டுக்குக் காலர் பின்னிக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருந்தார். டிசைனை மெஷினுக்கு அனுப்ப, விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டர். மத்தியானங்களில் அது எங்களுடையது.

ஒரு பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு நேரடியாகக் கட்டளை எழுதும் அசெம்பிளி மொழி படித்தோம். ‘டைனி’ மெமரி மாடலில் கட்டளைகளும் டேட்டாவும் அறுபத்து நாலு கிலோபைட், அதாவது கேபிக்குள் ஒன்றாகவே இருக்க வேண்டும். பெரிய புரோகிராம்கள் .EXE ஃபைலாக இருக்கும். எங்களுடையது குட்டி .COM. அது போதும், சொல்ல வேண்டியது ஒரே வரிதான்.

அத்தா அவளை காமர்ஸில் சேர்க்க நினைத்திருந்தார். அவளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். கேட்கப் பயம்.

டாஸில் தமிழ் வராது. ஆங்கில எழுத்திலேயே, “அத்தா, என்னைய கம்ப்யூட்டர் குரூப்ல சேர்த்து உடுங்க” என்று எழுதினோம். ரிசல்ட் அன்று காட்டுவதாகத் திட்டம். அத்தா தினமும் ஓட்டும் COLLAR.EXE பக்கத்திலேயே COLLAR.COM என்று சேமித்தோம். கடைசி மூன்றெழுத்து வேறுதானே, மோதாது என்று நம்பினோம்.

வெறும் COLLAR என்று அடித்தால் டாஸ் .COM ஃபைலைத்தான் முதலில் ஓட்டும். புத்தகத்தில் அது எழுதியிருந்த பக்கத்துக்கு நாங்கள் இன்னும் வந்திருக்கவில்லை...

மறுநாள் காலை அவசர ஆர்டர். அத்தா வழக்கம்போல் COLLAR என்று அடித்தார். டிசைன் வரவில்லை. எங்கள் வரி வந்தது.

கூப்பிட்டதும் ஓடினோம். அவர் திட்டவில்லை. திரையைப் பார்த்தபடியே, மெஷின் ஓடுமா என்று மட்டும் கேட்டார். நஸ்ரின் எங்கள் ஃபைலை அழித்தாள். மறுபடி அடித்ததும் டிசைன் வந்தது. காலர் இறங்க ஆரம்பித்தது.

“ஏங் கண்ணு, இத என்ர கிட்ட வாயில கேட்டா ஆகாதா?”

“நீங்க வேண்டாம்னுட்டா... அதானுங்க அத்தா.”

“மெஷினையே நிறுத்திப்போட்டுக் கேக்கறவள நான் எங்க வேண்டாங்கறது?”

இப்போது இருவரும் ப்ளஸ் டூ, ஒரே பெஞ்ச். ஸ்கூல் லேபில் இத்தனை கேபிக்குள் எழுது என்று யாரும் சொல்வதில்லை. நஸ்ரினும் இப்போதெல்லாம் எதையும் அத்தாவிடம் நேராகவே கேட்டுவிடுகிறாள். காலேஜுக்கு சென்னை போகட்டுமா என்று போன வாரம் கேட்டிருக்கிறாள். சரி என்றுவிட்டாராம்.

நல்லதுடி என்றேன். நீ போய்விட்டால் இந்த பெஞ்சில் நான் மட்டும்தானே என்றும் சொல்ல இருந்தது...

சொல்லவில்லை.