மறியல் ரோட்டில் பருப்புச் சோறு

தார் ரோட்டின் சூடு பாவாடையையும் தாண்டிச் சுட்டது. சுட்டதும் துள்ளி எழுந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தோம். தங்கச்சிமடத்துப் பிள்ளைகளுக்கு, பஸ் ஓடும் மெயின் ரோட்டில் சப்பணம் போட்டு உட்காரக் கிடைப்பது லேசான காரியமா! பள்ளிக்கூடம் கிடையாது, யாரும் வையவில்லை, தொண்டை கிழியக் கோஷம் வேறு போடலாம். கடலுக்குப் போன அப்பாவையும் கூடப் போனவர்களையும் இலங்கை நேவிக்காரர்கள் விசைப்படகோடு பிடித்து அவர்கள் நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டதற்காகத்தான் அந்த "மறியல்" என்று ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்குத் தெரியும். தெரிந்தும், ஊரே சேர்ந்து கத்தினால் சாயங்காலமே அப்பா வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில், எல்லோரையும்விட நான்தான் சத்தமாகக் கத்தினேன்.

அன்று ஆடி அமாவாசை. ராமேஸ்வரத்தில் கடலில் முழுகி, முன்னோருக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டுத் திரும்பியவர்களின் பஸ்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நின்றன. முதல் பஸ்ஸில் உத்தரகோசமங்கைப் பக்கத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள். உச்சிவேளையில் அதிலிருந்து ஒரு கைக்குழந்தை வீறிட்டது. கோஷத்தைப் பாதியில் விட்டுவிட்டு அம்மா எழுந்து ஜன்னலருகே போனாள்.

"பிள்ளைக்கு என்னம்மா?"

"பாலுக்கு அழுவுதும்மா. நான் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல, எங்கிட்டுப் பால் ஊறும்? கடையெல்லாம் அடைச்சுக் கெடக்கு" என்றாள் உள்ளே இருந்த பெண்.

திரும்பி வந்த அம்மா, "பொங்கிப் போடப் போறேன்" என்று சொன்னதுதான் தாமதம், பக்கத்து வீட்டு பிலோமினா பெரியம்மா பாய்ந்தாள். அவள் மகனும் அப்பாவோடு அதே படகில் போனவர்.

"ஏண்டி ரோசி, ஒம் புருசன் அங்கன என்ன கதியில இருக்கானோ, இங்கன நீ பஸ்ஸுக்காரவுகளுக்கு விருந்து வைக்கப் போறியா?"

"வழிய மறிச்சது நாமதானக்கா. காலையில கோயில்ல அவருக்காக முழங்கால் போட்டுட்டு வந்தேன். இந்தப் பிள்ள அழுறதக் கேட்டுட்டுச் சும்மா உக்காந்திருந்தா, நாளைக்கு எந்த மூஞ்சியோட சேசு முன்னால போயி நிப்பேன்?"

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா கோயில் வாசலில் கல் வைத்து அடுப்புக் கூட்டினாள். இன்னும் சிலர் அரிசியும் பருப்பும் கொண்டுவந்தார்கள். அப்போது குழந்தைக்காரி இறங்கி வந்து, சொல்ல முடியாமல் சொன்னாள்: "தப்பா நெனைக்காதீகம்மா. அமாவாச. கவுச்சி பொழங்குன ஏனத்துல நாங்க..."

"இதுல தப்பென்ன தாயி? மீன் படாத ஏனமாப் பார்த்தாப் போச்சு" என்றாள் அம்மா, கோபத்தின் சாயலே இல்லாமல்.

தங்கச்சிமடத்தில் மீன் படாத ஏனம்! பிள்ளைகள் நாலாபக்கமும் பறந்தோம். வீடு வீடாகப் புகுந்து, சட்டி, பானை, குண்டான் என்று ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைத்து மோந்து பார்த்தோம். சாம்பல் போட்டுத் துலக்கியதிலும் மீன் வாடை. வெந்நீர் போடும் பானையைத் திறந்தால் உள்ளே கருவாடு. வெறுங்கையோடு மூச்சிரைக்க ஓடிவந்தபோது, எதிரே பிலோமினா பெரியம்மா வந்துகொண்டிருந்தாள், தலையில் பளபளவென்று ஒரு பெரிய அண்டாவோடு. மகள் கல்யாணத்துக்கு வாங்கிவைத்த சீர்ப் பாத்திரம். கடை லேபிள்கூடக் கிழிக்கவில்லை.

"என்ன எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறீக? இறக்குங்கடி! பச்சப்பிள்ளக்காரி பசியோட நிக்கிறா. எம் மவனுக்கும் அங்கன எவளாவது ஒருத்தி சோறு போடுவா" என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு நடந்ததை என்னவென்று சொல்வேன்! பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கிவந்து கத்தரிக்காய் அரிந்தார்கள். வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் பருப்புச் சோறு எப்படிப் பொங்குவதென்று அம்மாவுக்குப் பக்குவம் சொன்னார்கள். பூவரச இலைகளைப் பறித்துக் கழுவி, ஓடி ஓடிப் பரிமாறினோம். குழந்தைக்காரி இரண்டாம் தடவை சோறு வாங்கியபோது, என்னவோ நானே பொங்கிப் போட்டதைப்போல எனக்குப் பூரிப்பு. சாப்பிட்டு எழுந்த பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நேரே வந்து எங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்.

"பஸ்ஸுல சும்மா உக்காந்திருக்குறதுக்கு இங்கன உக்கார்றேன். ஏலே, எல்லாரும் எறங்கி வாங்கடா!"

மொத்தப் பஸ்ஸும் இறங்கியது. கடலுக்குள் ஒருநாளும் போயிராத அந்தச் சம்சாரிகள் "மீனவரை மீட்டுக் கொடு!" என்று எழுப்பிய சத்தத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாயங்காலம் அதிகாரிகள் வந்து பேசி, வழி திறந்தது.

அன்று அப்பா வரவில்லை. பல வாரங்கள் கழித்து, பெரியம்மா மகனோடு மெலிந்துபோய் வந்து சேர்ந்தார். எங்கள் படகு வரவே இல்லை. அப்பா அதன்பிறகு கூலிக்குத்தான் கடலுக்குப் போனார்.

இப்போதும் மறியல் நடக்கிறது. ஆனால் தகவல் தெரிந்ததுமே, பாலத்துக்கு அந்தப்பக்கம் மண்டபத்திலேயே போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறிப்பவர்களும் மறிக்கப்பட்டவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு இப்போது வழியில்லை. போன தடவை, ஆளில்லாத ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, என் போனைக் கேட்டு வாங்கி, மண்டபத்தில் இருக்கும் சித்தியைக் கூப்பிட்டாள்.

"அங்கன பஸ்ஸெல்லாம் நிக்கிதாம்டி. முதல்ல போயி, என்ன சாப்பிடுவாகன்னு கேளு."