நான் சத்தமாகச் செய்த ஜெபம்

எண்பதுகளில் நாங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்தை நான்தான் நடத்துவேன். "நீங்க ஜெபிச்சா அழுகையே வருது, சிஸ்டர்" என்பார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

ஒருநாள் கிள்ளானுக்குப் போகும் பஸ்ஸில், எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் ரோஸ்லின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணமாகாத தன் மகள் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னார். "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். ஜெபம் பண்ணிக்கோ."

அந்த வெள்ளிக்கிழமை கூடம் நிறைய ஆட்கள். நான் கண்ணை மூடி, "எங்கள் ரோஸ்லின் அக்காவின் மகள் திருமணத்துக்கு முன்பே கர்ப்பமாகி நிற்கிறாள், அவளுக்கு இரங்கும், ஆண்டவரே" என்று குரல் தழுதழுக்க ஜெபித்தேன். கண்ணைத் திறந்தபோது அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே ஓடினேன். "ஜெபம்தானே பண்ணேன், அக்கா?"

"நீ ஆண்டவர்கிட்ட பேசல லா. இவங்ககிட்ட பேசின."

எல்லோரும் போனபின் மண்டியிட்டேன். வழக்கமான அழகான வார்த்தைகள் வரவில்லை. "எல்லாரும் என்னை மெச்சணும்னுதான் அவங்க ரகசியத்தைச் சொன்னேன்" என்பது மட்டும் வந்தது. எத்தனையோ வருடம் ஜெபித்தும், என்னைப் பற்றி நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.

மறுநாள் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிச்சிட்டேன். ஆனா இனி உன்கிட்ட எதையும் சொல்லமாட்டேன்" என்றார். கடைசிவரை அப்படியே இருந்தார்.

சில மாதங்களில் பிறந்த அவருடைய பேரனின் ஞானஸ்நானத்துக்கு என்னை அழைக்கவில்லை. ஆனாலும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, உதடு அசையாமல் அந்தக் குழந்தைக்காக ஜெபித்தேன்.