சொந்தக்காரர் உள்ள ஊரில் ஒரு கட்டில்

லண்டனில் என்னோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவர்கள், ஐரோப்பாவில் நான் பார்க்காத நாடே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். போனது உண்மைதான். ஜெர்மனியில் சின்னம்மா வீடு, சுவிஸில் மாமா வீடு, பாரிசில் அண்ணன் வீடு. ஸ்டேஷனில் காரில் ஏற்றுவார்கள், வீட்டில் இறக்குவார்கள். ஆட்டுக்கறி சமைப்பார்கள், மகள்மார் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோ போட்டுக் காட்டுவார்கள், கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், திரும்பவும் ஸ்டேஷனில் கொண்டுவந்து விடுவார்கள். ரைன் நதியை நான் பார்த்தது சின்னம்மா வீட்டுக் கலண்டரில்.

தனியாளாக நின்று மகளை வளர்த்தேன். அவள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு வந்த கோடை விடுமுறையில், ஒரு மாத ரயில் பாஸ் வாங்கி, முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். மகளைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? சின்னம்மா வீட்டில் இரண்டு நாள், மாமா வீட்டில் நாலு நாள் என்று பங்கு பிரித்துவிடுவார்கள். எங்கள் ஆட்கள் ஒருவருமே இல்லாத ஊர்களாகத் தேடித்தேடி வழி போட்டேன். இரவில் ஹாஸ்டல்.

ஹாஸ்டல் என்றால் பெரிய சொகுசு ஒன்றும் இல்லை. ஓர் அறையில் ஆறு இரும்புக் கட்டில், மேலும் கீழுமாக. ஈரத் துவாயின் மணம். யாரோ ஒரு பிள்ளை பொலித்தீன் பையைச் சரசரவென்று கிண்டிக்கொண்டே இருப்பாள். முதல் இரவு பிரசெல்ஸில் எனக்குக் கண்ணே மூடவில்லை. ஆனால் காலையில் எழும்பியபோது என்னை எவரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கே போகிறாய், எப்போது வருவாய், ஏன் சாப்பிடவில்லை, ஒன்றும் இல்லை. அந்தச் சந்தோசத்தில் தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன்.

பாரிசை மட்டும் தவிர்க்க முடியவில்லை. அங்கே எனக்கு ஓர் இரவுதான் வேலை. வடக்கு ஸ்டேஷனில் வந்து இறங்கி, அடுத்த நாள் காலை கிழக்கு ஸ்டேஷனில் ஏறி வியன்னாப் பக்கம் போகவேண்டும். இரண்டுக்கும் நடக்கிற தூரத்தில் மலிவாகக் கிடைத்த ஹாஸ்டல் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருந்தது. பாணும் சீஸும் தின்று நாக்குச் செத்துப்போயிருந்தது. அறைக்குள் பையை வைத்த கையோடு ஒரு கடைக்குள் போய்த் தேத்தண்ணீரும் றோல்ஸும் கேட்டேன். கடைக்காரர் தேத்தண்ணீரை ஆற்றியபடியே கேட்டார்.

"அக்கா ஊரிலை எவடம்?"

களைப்பில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"அப்ப லா கூர்னெவிலை இருக்கிற அண்ணையின்ரை தங்கச்சியோ? முகவெட்டு அப்பிடியே இருக்கு."

றோல்ஸ் தின்று முடியவில்லை, மச்சாளின் போன் வந்துவிட்டது. மச்சாள் என்றால் அண்ணன் மனைவி. சுகம் விசாரிக்கவில்லை. "எங்கை நிக்கிறீர்?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "அசையாமல் அங்கையே நில்லும்."

லா கூர்னெவ் அங்கிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம்தான். கொஞ்ச நேரத்தில் மச்சாள் மூச்சு வாங்க ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றார்.

"உம்மடை அண்ணருக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சால் மனுசன் உடைஞ்சு போயிடும். தங்கச்சி தெருவிலை படுத்தாள் எண்டு சனம் கதைக்கும்."

"இது தெரு இல்லை மச்சாள். கட்டில்."

"கூடப்பிறந்தவன் வீடு பக்கத்திலை இருக்க ஊரான் கட்டில் என்னத்துக்கு? பையை எடும், வாரும்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அந்த வீட்டு வாசலை மிதித்தால் என் பயணம் அதோடு சரி. அண்ணன் ஜெர்மனிக்குப் போன் அடிப்பார், சுவிஸுக்கு அடிப்பார், கார்கள் வந்து ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிற்கும். "பை மேலை இருக்கு. நான் எடுக்கமாட்டன்" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

மச்சாள் நேரே வரவேற்பு மேசைக்குப் போய்ப் பிரெஞ்சில் பொழிந்து தள்ளினார். அந்தப் பெண் தலையாட்டி மறுத்தாள். இங்கே தங்குகிறவர்கள் மட்டும்தான் மேலே போகலாம். மச்சாள் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு கைப்பைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு நம்பமுடியவில்லை. என் பையைத் தூக்கிவர, அந்த மனுசி ஒரு கட்டில் எடுத்துவிட்டார். அதுவும் என் கட்டிலுக்கு நேர் கீழே.

அறையில் அந்த நேரம் ஒருவரும் இல்லை. மச்சாள் மெத்தையை அமத்திப் பார்த்தார், தலையணையை மணந்து பார்த்தார், குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை போல. கட்டில் விளிம்பில் மெல்ல இருந்தார்.

"ரெண்டு நிமிசம். படி ஏறினது இளைக்குது."

செருப்பைக் கழற்றி, காலை மேலே எடுத்து வைத்தார்.

"இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினமோ?"

"என்னத்தை?"

"சமைச்சாச்சோ, மருந்துக் குளிசை எங்கை, என்ரை சேட்டு எங்கை எண்டு."

"இல்லை மச்சாள்."

"ம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பினார். அப்படியே நித்திரை. விடியுமுன் எழும்பி அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகிறவர். மத்தியானம் வந்து சமையல். பின்னேரம் இன்னொரு கட்டடம். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நானும் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். சண்டை பிடிக்க வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

அவருடைய போன் அதிர்ந்தது. அண்ணன். நின்று திரும்பவும் அதிர்ந்தது. மச்சாள் கண்ணைத் திறக்காமலே எடுத்தார்.

"ரூ பஜோல் கோயிலிலை நிக்கிறன். சரியான சனம். வரச் சுணங்கும். சோறு இருக்கு, போட்டுச் சாப்பிடுங்கோ." மறுபக்கம் ஏதோ கேட்டது. "ஓம், தனியத்தான்."

போனைத் தலையணைக்குக் கீழே செருகினார். நான் வாயைத் திறக்குமுன், "சுத்திப் பாக்க எண்டுதானே வந்தனீர், போயிட்டு வாரும்" என்றார். "போகேக்கை கதவை மெல்லச் சாத்தும்."

மூன்று தரம் வந்த பாரிசை அன்றுதான் நடந்து பார்த்தேன். ஆற்றங்கரையில் வெகுநேரம் சும்மா இருந்தேன். திரும்பி வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மச்சாள் போய்விட்டிருந்தார். என் பை வைத்த இடத்திலேயே இருந்தது.

அண்ணன் வீட்டில் நாங்கள் எழும்பி முகம் கழுவி வருமுன் எங்கள் படுக்கைகளை எல்லாம் மடித்து அடுக்கிவிடுகிற மனுசி அவர். இங்கே போர்வை சுருண்டு பாதி நிலத்தில் கிடந்தது, தலையணை ஒரு மூலையில். மடிக்கக் குனிந்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.