வளையம் விழாத மூலை

எஸ்தர் மேடம் இறந்துவிட்ட செய்தி, பீளமேட்டில் நாங்கள் வேலை பார்த்த கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஒன்பது மணிக்கு வந்தது. கைகூப்பும் படங்களுக்கு நடுவே நானும் ஒன்றைப் போட்டேன். பிறகு வகுப்புக்குப் போய் வருகைப் பதிவு எடுத்தேன். அழுகை வரவில்லை. துடியலூரில் அவர் வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும் வரவில்லை. ஒரு வாரமாக மரத்துப்போய்த்தான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஓவியம் கற்பித்தார், நான் தமிழ். இருவருக்கும் ஒரே சொந்த ஊர், தெருதான் வேறு. இந்த இதழைப் படிக்கும் உங்களில் அவரோடு பழகியவர்களுக்கு அவர் வேலை செய்யும் விதம் தெரியும். ஸ்டாஃப் ரூம் அடுப்பில் டீத்தூளைக் கறுக்கக் காய்ச்சி, கண்ணாடி டம்ளரின் அடியை அதில் நனைத்து, கான்வாஸில் ஒற்றி எடுப்பார். பழுப்பு வளையங்களாக விழும். "பேரு வைக்கலீங்களா மேடம்?" என்று கேட்டால், "பேரு வெச்சா அதைப் படிச்சுப்போட்டு நகந்துருவாங்க சார். நின்னு பாக்கட்டுங்க" என்பார்.

கண்காட்சியில் வைத்த படத்தில் வலது மூலை மட்டும் வெறுமையாக இருந்தது. ஒரு வளையம்கூட இல்லை. எதற்கும் பொருள் சொல்லாவிட்டால் எனக்குத்தான் சோறு இறங்காதே. இதே சிற்றிதழில் இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன்: வளையங்கள் உலகத்து ஆசைகள்; வெற்று மூலை ஆன்மா தேடும் மௌனம். நாலு பேர் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அவர் இதழோடு வந்தார். கோபப்படவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா அது மௌனம் இல்லீங்க. நம்மூரு பேக்கரிங்க. பெஞ்சுல உக்காந்து கண்ணாடி டம்ளர்ல குடிக்கறவங்களுக்கு வளையம் விழும். எங்கப்பாவுக்குப் பேப்பர் கப்புங்க. வெளிய நின்னு குடிச்சுப்போட்டு, அவரே கசக்கிக் கூடையில போடோணும். எங்க சனம் நின்ன எடத்துல தடமே இருக்காதுங்க."

வருடக்கணக்காக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவன் நான். வெளியே நிற்பவர்கள் கையில் என்ன இருந்தது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"அடுத்த இதழ்ல திருத்தி எழுதிடறனுங்க" என்றேன்.

"எழுதுங்க சார். நான் சொன்னா பொலம்பறாம்பாங்க. நீங்க சொன்னா படிப்பாங்க."

மூன்று இதழ்கள் வந்தன. தேர்வு வேலை, காய்ச்சல், பக்கம் போதவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொன்னேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை. எதிரில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா சார்?" என்பதோடு சரி. அந்த விசாரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உண்மைக் காரணத்தை இப்போது சொல்கிறேன். அந்தப் பேக்கரி என் பெரியப்பாவுடையது. பேப்பர் கப் இன்றும் அங்கே இருக்கிறது.

எஸ்தர் மேடத்தின் படம் எதுவும் என்னிடம் இல்லை. அவர் கேட்ட திருத்தம் மட்டும்தான் இருக்கிறது. அதை எழுதிவிட்டேன்: அந்த மூலையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். பெரியப்பாவும் இந்த இதழுக்குச் சந்தா கட்டியவர்தான். படிக்கட்டும்.