குட்டியின் மணல் டின்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள், அப்புறம்தான் சௌக்கியமா என்று கேட்பார்கள். படியில் செருப்புச் சத்தம் கேட்டதுமே நான் ஓடிப்போய் ஊதுபத்தியைக் கொளுத்துவேன். ஊதுபத்தி வாசமும் பூனை மூத்திர வாடையும் கலந்தால் என்ன ஆகும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பூனை வாடையே தேவலை என்று ஆகிவிடும்.

எழுபதுகளின் கடைசி அது. சிம்மக்கல்லில் வைகை ஆற்றை ஒட்டிய சந்து ஒன்றில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அப்பா, ஒரு பூனை. நான் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் மாமியார் இல்லை. அவர் காலமான வருஷம் எங்கிருந்தோ ஒரு பூனைக்குட்டி வந்து மாமாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டதாம். குட்டியாக வந்ததால் குட்டி என்று கூப்பிட்டார்கள். கிழவியான பிறகும் அது குட்டிதான். "மாமியார் இல்லாத வீடுன்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக் குடுத்தாங்க. இங்க வந்து பாத்தா வாலோட ஒண்ணு இருக்கு" என்று நான் சொன்னால் மாமா சத்தம் போட்டுச் சிரிப்பார்.

மாமா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளை என்றால் அப்படி ஒரு வெள்ளை அவர் வேட்டி. ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு இருந்தாலும் தெருவில் இறங்க மாட்டார், மாற்றிக்கொண்டுதான் போவார். அவர் துணியை அவரேதான் துவைத்துக்கொள்வார். மருமகளிடம் கொடுக்க மாட்டார்.

மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? மண்ணெண்ணெய் டின் ஒன்றை நீளவாக்கில் பிளந்து, விளிம்பு குத்தாமல் மடக்கித் தட்டி, அதில் ஆற்று மணலைக் கொட்டி மொட்டை மாடிப் படிக்கட்டின் கீழே வைத்திருந்தோம். அதுதான் குட்டியின் கக்கூஸ். தெருவில் யார் வீடு கட்டினாலும் எனக்குச் சந்தோஷம். வாசலில் மணல் குவித்திருப்பார்கள், ஒரு வாளி அள்ளிக்கொண்டு வரலாம். மணலை வாரம் ஒருமுறை மாற்றுவேன். நடுவில் பழைய சல்லடையில் சலித்து மொட்டை மாடியில் காயப்போடுவேன். படித்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி ஆபீஸ் போகிறவள் பூனைக்கு மணல் சலிக்கிறாள் என்று அம்மா வீட்டில் ஒரே கேலி. குட்டி மட்டும் என் வேலைக்கு மரியாதை கொடுத்தது. டின்னைத் தவிர வேறெங்கும் போகாது. போனதும் நாலு பக்கமும் பார்த்து ஒழுங்காக மூடிவிட்டு வரும்.

அந்த ஒழுங்கு ஒரு கோடையில் கெட்டது. குட்டி ஓயாமல் தண்ணீர் குடித்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. முதுகெலும்பு தடவினால் கையில் தட்டியது. டின்னுக்குள் முன்னங்கால் இரண்டையும் வைத்து நின்றுகொண்டு, பின்பக்கம் வெளியே இருக்க, தரையில் போகும். அப்புறம் பாவம், உள்ளே திரும்பி மணலை இழுத்து இழுத்து மூடும். தான் ஒழுங்காகத்தான் போனோம் என்று அதற்கு நினைப்பு.

ஒயர் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் சினைப் பசு ஒன்று, இரண்டு ஆடுகள். "என்ன தாயி, கன்னுக்குட்டி ரொம்ப இளைச்சுப் போச்சே" என்று ஆட்டுக்காரர் என்னைக் கிண்டல் செய்தார். டாக்டர் கிண்டல் செய்யவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்து, கிட்னி போய்விட்டது, இது தீராத சீக்கு என்றார்.

"தண்ணியக் கொறைச்சா இது கொறையுமா சார்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"தண்ணிய மட்டும் நிப்பாட்டிராதீங்க. அதுலதான் உயிரு ஓடுது. கருவாடு, உப்பு எதுவும் வேணாம். இருக்கிற வரைக்கும் பாத்துக்கங்க."

அன்றிலிருந்து வீட்டில் தண்ணீர்ப் பானைக்குப் போட்டி. மாமாவுக்குச் சர்க்கரை. அவருக்கும் தாகம் அடங்காது. அவர் டம்ளரோடு பானைக்குப் போனால் குட்டியும் எழுந்து பின்னாலேயே போகும். அவர் குடித்துவிட்டு அதன் கிண்ணத்திலும் ஊற்றுவார். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்பு" என்பார்.

ஈரம் டின்னை விட்டு நகர்ந்துகொண்டே வந்தது. முதலில் படிக்கட்டின் கீழே, பிறகு கூடத்து மூலை, பிறகு சுருட்டி வைத்த ஜமக்காளம். ஒருநாள் மாமாவின் அறை வாசலில். நான் காலையில் எழுந்ததும் காப்பி போடுவதற்கு முன்னால் ஈரத்தைத் தேடுவேன். வாளி, பினாயில், பழந்துணி. எரிச்சல் எரிச்சலாக வரும். குட்டியை ஏசுவேன், அது என் காலில் வந்து உரசும். அப்புறம் எங்கே ஏசுவது?

ஒரு காலை மாமாவின் கட்டில் ஓரம் காய்ந்துபோன ஈரம் ஒன்றைத் துடைக்கக் குனிந்தவள், கையை எடுத்துக்கொண்டேன். அதைச் சுற்றி எறும்பு. கறையின் விளிம்பில் நெருக்கி நெருக்கி மொய்த்துக்கொண்டிருந்தது. குட்டி போன இடத்தில் ஒருநாளும் எறும்பு வந்ததில்லை. சர்க்கரைக்காரர் உள்ள வீட்டில் எறும்பு எதற்கு வரும் என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மாமா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேட்டியில் மஞ்சள் பொட்டு இருந்தால் தெருவில் இறங்காத மனிதர். நான் எறும்பைக் கூட்டித் தள்ளி, பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு வெளியே வந்தேன். அவர் பேப்பரை இறக்காமல், "என்னாத்தா, அதுதானா?" என்றார்.

"குட்டிதான் மாமா" என்றேன்.

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. வயசான மனுஷனைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்க அது என்ன கோர்ட்டா? என் வருத்தமெல்லாம் குட்டி மேல் விழுந்த பழிதான்.

பழி கீழ்வீடு வரைக்கும் போயிற்று. வீட்டுக்கார அம்மா கீழே இருந்தார். பழைய மரக்கட்டைத் தளம் அது, மேலே ஊற்றினால் கீழே கசியும். அவருடைய மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்த சமயம். படியேறி வந்து நின்றார்.

"ஏம்மா, சாமி படத்துக்கு மேல சொட்டுது. சம்பந்திக வந்து உக்காந்தா என்ன நெனைப்பாக? ஒண்ணு பூனை இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும். வளைகாப்புக்கு முன்ன முடிவு சொல்லிருங்க."

என் வீட்டுக்காரர் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் சிம்மக்கல்லில் விட்டால் அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. அவருடைய ஆபீசில் ஒருவர், "அண்ணே, சாக்குல போட்டு நல்லாச் சுத்துங்க, தெசை தெரியாமப் போயிரும். ஆத்தைத் தாண்டி விட்டுட்டா பூனை திரும்பாது" என்று சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பூனையைக் கொன்றால் பாவம், ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தால் பாவமில்லை என்று ஒரு கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்கு வந்தது. நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஏதாவது சொல்வார் என்று இருந்தது. நான் சொல்லிவிட்டால் குட்டி பிழைக்கும், மாமா மகன் முன்னால் தலை குனிய வேண்டும். மாமா வாயைத் திறந்தார்.

"பாத்துக் கொண்டு போப்பா. அதுக்கு மூச்சு முட்டும்" என்றார். அவ்வளவுதான்.

சாக்கிலிருந்து படி நெடுக ஈரம் சொட்டிக்கொண்டே போனது. செல்லூர்ப் பக்கம் ஒரு தறிக் கொட்டகை ஓரத்தில் விட்டுவிட்டதாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பானைக்கும் கட்டிலுக்கும் மாமா தனியாக நடந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர்தான் முதலில் எழுந்தார். மாமாவின் அறை வாசலில் அவர் கால் சில்லென்று ஈரத்தில் பட்டது.

"அடி சண்டாளி, திரும்பி வந்திருச்சா?" என்றார். குரலில் கோபம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. பரண் மேல் பார்த்தார், படிக்கட்டின் கீழே பார்த்தார், குனிந்து கட்டிலின் அடியில் பார்த்தார். "குட்டி, குட்டி" என்று கூப்பிட்டார்.

மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "தேடாதப்பா" என்றார். "அது வரல. நான்தான்."

என் வீட்டுக்காரர் குனிந்தபடியே இருந்தார்.

"கொஞ்ச நாளாவே நான்தான். அதுவும் போச்சு, நானும் போனேன். எந்திரிச்சுப் போறதுக்குள்ள ஆயிருது. அம்புட்டையும் அது தலையில போட்டுட்டு உக்காந்திருந்தேன். வாயில்லாத சீவன். நேத்தாவது நான் சொல்லியிருக்கணும்."

என் வீட்டுக்காரர் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "வாரேன்" என்றார். மாமாவும் எழுந்தார். "இருங்கப்பா, நான் போய்ப் பாக்குறேன்" என்று மகன் சொன்னதை அவர் காதிலேயே வாங்கவில்லை. நானும் கதவைப் பூட்டிவிட்டுப் பின்னால் போனேன்.

ஆற்றைத் தாண்டினால் பூனை திரும்பாது என்று சொன்னவர்கள் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருதரம் எட்டிப் பார்த்திருக்கலாம். வைகை வறண்டு கிடந்தது. கரையிலிருந்து கரை வரைக்கும் மணல். ஓரமாகத் துணி காயப்போட்டிருந்தார்கள், கழுதைகள் நின்றன. செல்லூர் வரைக்கும் நாங்கள் போக வேண்டியிருக்கவில்லை. நடு ஆற்றிலேயே குட்டி இருந்தது.

அது எங்களைப் பார்க்கவில்லை. மணலைப் பறித்தது, உட்கார்ந்தது, எழுந்து மூடியது. நாலு அடி நகர்ந்து மறுபடி பறித்தது. விளிம்பு இல்லாத டின் அதற்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. எங்கே உட்கார்ந்தாலும் சரியான இடம்.

"வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்கு" என்றார் மாமா. "மணலப் பாக்கவும் நின்னுபோச்சு."

அவர் மணலில் உட்கார்ந்தார். குட்டி அவர் கையை மோந்து பார்த்தது. அப்புறம் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. அங்கேயே வேட்டி நனைந்தது. மாமா அசையவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு, நனைந்த வேட்டியோடு, கரையேறி, கடை திறந்துகொண்டிருந்த தெரு வழியாக நடந்தார். யாரோ பார்த்தார்கள். அவர் வேட்டியை மறைக்கவில்லை.

அன்று மாலையே என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிக்கிற ரப்பர் ஷீட் வாங்கி வந்தார். கட்டிலைச் சுற்றி ஒன்று, டின்னின் அடியில் ஒன்று. கீழே சொட்டுவது நின்றது. வளைகாப்பு முடிந்து வீட்டுக்கார அம்மா சித்ரான்னம் கொண்டுவந்து கொடுத்தார். "பூனைய விட்டதும் பாரு, வீடு எம்புட்டுச் சுத்தமா இருக்கு" என்றார். குட்டி திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை. அது அப்போது அடுத்த அறையில் மாமாவின் போர்வைக்குள் இருந்தது. நான் ஆமாக்கா என்று தலையாட்டினேன்.

அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரு விளையாட்டு வந்தது. காலையில் ஈரம் எங்கே இருந்தாலும், யாருடையதாக இருந்தாலும், நான் துடைத்துவிட்டு வந்து "குட்டிதான் மாமா" என்பேன். "அதுக்கு வேற வேலை என்ன" என்பார் அவர். என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் சிரிப்பார். ஒளிக்க ஒன்றும் இல்லாமல் போனதும் வாடைகூட அவ்வளவாகத் தெரியவில்லை. அல்லது எங்கள் மூக்குகள் பழகிவிட்டன.

மழைக்காலம் தொடங்கும்போது குட்டி போய்ச் சேர்ந்தது. கடைசி நாளும் டின்னுக்குத்தான் நகர்ந்து போனது. ஏற முடியாமல் விளிம்பில் தலை வைத்துப் படுத்தது. நான் தூக்கி மணல் மேல் வைத்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து விரலால் தண்ணீர் தொட்டு அதன் வாயில் வைத்துக்கொண்டே இருந்தார். மத்தியானத்துக்கு மேல் அது வாயைத் திறக்கவில்லை. ஆற்றங்கரையில் மேடான இடமாகப் பார்த்துக் குழி வெட்டினோம். டின்னில் இருந்த மணலையும் அதன் மேலேயே போட்டுவிடச் சொன்னார் மாமா.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது மாமா கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். ரப்பர் ஷீட்டைத் தாண்டி, பானைக்குப் போகும் வழியில், தரை நனைந்திருந்தது. கையில் பழைய துண்டை வைத்துக்கொண்டு குனியப் பார்த்தார், முடியவில்லை. நான் துண்டை வாங்கித் துடைத்தேன். என்ன நினைப்பில் இருந்தேனோ, வாய் தன்னால் சொல்லிவிட்டது.

"குட்டிதான் மாமா."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். படிக்கட்டின் கீழே டின் இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமாத்தா" என்றார். "அதுக்கு வேற வேலை என்ன."